தலைவர் அனுப்பிய ஆள்

— அந்த ஃபோனை இப்படி முறைச்சுப் பார்த்துட்டிருந்தா பயந்துபோய் அடிக்காமலே இருந்துடும், இவானோ. கொஞ்சம் நகர்ந்து உக்காரு, விலாங்கு வெட்டணும்.

— நான் எங்கே ஃபோனைப் பார்த்தேன்? ஜன்னலைப் பார்த்துட்டிருக்கேன். மூடுபனி இன்னும் விலகல பாரு, நெரீனா.

— ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு.

— சரி, அந்தப் பக்கம் இருக்கட்டும்.

— ஆமாமா. நேத்து உன் கிளப்பு சொந்த ஊர்லயே மூணு கோல் வாங்கித் தோத்துச்சு. இன்னிக்கு திங்கட்கிழமை. உனக்குப் பதிலா கொண்டாந்த அந்த லான்ஃபிராங்கியை இந்நேரம் துரத்தியிருப்பாங்க. துரத்தினா அடுத்து யாரைக் கூப்பிடுவாங்க? சும்மா வீட்ல உக்கார வச்சு ஜூன் வரைக்கும் சம்பளம் குடுக்கிற பழைய கோச்சை, அதான் ஊரே மிஸ்டர் மிஸ்டர்ங்கிற உன்னைத்தான். எனக்கு இதெல்லாம் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து உன்கூடக் குப்பை கொட்டறேன்.

— கூப்பிட்டா கூப்பிடட்டும். நான் போகப் போறதில்ல. எத்தனை தடவைதான் சொல்றது?

— அப்புறம் சனிக்கிழமை உக்காந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டியே, அது எதுக்கு?

— பேத்தியோட ஞானஸ்நானத்துக்கு! அழுக்கு ஷூவோட கோயிலுக்கு வரச் சொல்றியா?

— ஆணி வச்ச ஷூவோடயா கோயிலுக்கு வருவே? சாமியார் வெளிய தள்ளிடுவார்.

— கை தவறி அதையும் போட்டுட்டேன். விடேன்.

— விடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல கோயில்ல நீ என் பக்கத்துல நிக்கணும். நம்ம பொண்ணு மிரெல்லா பொறந்தப்போ நீ ஏதோ தீவுல ஓட்டல் ரூம்ல இருந்தே. அவ பள்ளிக்கூடத்துல பாடினப்போ நீ தெற்கே எங்கேயோ, கிளப்புத் தலைவர் ராசிக்காகக் கோல் கம்பத்தடியில உப்பு தூவிட்டிருந்தாரே, அந்த ஊர்ல இருந்தே. அவ கல்யாணத்துக்கு வந்தே, இல்லேங்கல. சூப் மேஜைக்கு வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டே. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க என்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க.

— மறுநாள் ஆட்டம் இருந்துச்சு நெரீனா.

— உனக்கு என்னிக்குத்தான் மறுநாள் ஆட்டம் இல்ல? இந்த ஒரு ஞாயிறு. பேத்திக்காக. அவ்வளவுதான் நான் கேக்கறது.

— நிப்பேன்னு சொன்னேன்ல. நிப்பேன்.

— மணி அடிக்குது பாரு. ஐயோ, ஃபோனை எடுத்துக் காதுல வைக்காதே, அது வாசல் மணி! நீ உக்காரு, நான் பாக்கறேன்.

— யாரு? நெரீனா, யாரு அது?

— துல்லியோ. உன் ஆருயிர்த் தோழன். அக்டோபர்ல கிளப்போட டைரக்டர்ங்கிற முறையில வந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டுப் போனானே, அவனேதான். தோட்டத்துக் கதவைத் திறக்கத் தெரியாம நின்னுட்டிருக்கான்.

— துல்லியோவா! ஃபோன் பண்ணல பாரு. ஆளையே அனுப்பிட்டார் கிளப்புத் தலைவர்! நேர்ல வரச் சொல்லி ஆளையே அனுப்பிட்டார்!

— முகத்தை நேராக்கு முதல்ல. பொண்ணு பாக்க வந்த மாதிரி கண்ணு மின்னுது. வா துல்லியோ, வா. கால்ல இருக்கிற சேற்றைத் துடைச்சுட்டு வா.

— மன்னிச்சுக்கோ நெரீனா. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறேன்.

— அக்டோபர்லயும் சொல்லாம கொள்ளாமதானே வந்தே. கோட்டைக் குடு. அடப்பாவி, பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும். நடந்தா வந்தே?

— ரயில்ல வந்தேன். அப்புறம் பஸ்ஸு. பஸ்காரன் பாலத்துக்கிட்டயே இறக்கி விட்டுட்டான்.

— ரயில்லயா! பார்த்தியா நெரீனா, ஆளு எப்படி? கிளப்பு காரை நம்ம தெருவுல நிறுத்தினா பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிச்சுடுவான்னு ரயில்ல வந்திருக்கான். ஆடற காலத்துலயும் இவன் இப்படித்தான். எல்லாரும் பந்தைப் பார்ப்பாங்க, இவன் பந்து போற இடத்தைப் பார்ப்பான்.

— என்ன சொல்றது இவானோ... அது அப்படி இல்ல.

— முதல்ல உக்காரு. கணப்பு பக்கமா உக்காரு. நெரீனா, இவனுக்குக் கொஞ்சம் ஒயின் ஊத்து.

— விலாங்கு வேகணும், சோளக் களி கிண்டணும். அதுவரைக்கும் இந்த ரொட்டியைக் கடிச்சுக்கோ துல்லியோ. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? சாப்பிட்டியா இல்லையா?

— காலைலேர்ந்து இல்ல. எட்டு மணிக்குத் தன்னோட குழாய் ஃபாக்டரிக்கு வரச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். போனேன். உக்காருன்னுகூடச் சொல்லல. கையில ஒரு புது மாடல் குழாயை வச்சுத் திருகிக்கிட்டே பேசினார்.

— பேசியிருப்பார், பேசியிருப்பார். லான்ஃபிராங்கியை அனுப்பியாச்சு, அதானே?

— ஆமா. லான்ஃபிராங்கியும் போயாச்சு.

— நான் சொல்லல? வெறும் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ஆட்டம் ஆடிட முடியுமா? டிவில வந்து இடைவெளி, இடைவெளின்னு பேசுவான். பந்தைப் பறிக்க ஒரு ஆளு வேணாமா? என்னையே எடுத்துக்கோ. ஆடின காலம் முழுக்க எதிராளியோட முட்டியைத் தவிர வேற ஒண்ணையும் நான் பார்த்ததில்ல. பறிப்பேன், ஆடத் தெரிஞ்சவன் காலுக்குத் தள்ளிவிடுவேன், திரும்ப ஓடுவேன். அந்த ஆடத் தெரிஞ்சவன் நீதானேடா, துல்லியோ. நாம ரெண்டு பேரும் முதல் டிவிஷன்ல ஆடின அந்த ஒரு வருஷம் ஞாபகம் இருக்கா?

— எப்படிடா மறக்கும்? நீ பறிச்சுக் குடுக்கலேன்னா நான் பந்தைக் கண்ணாலகூடப் பார்த்திருக்க மாட்டேன். பத்திரிகைல என் படம்தான் வரும்.

— என் படமும் ஒரு தடவை வந்துச்சு.

— ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறப்போ. அந்த முட்டி இப்பவும் மழைக்கு முந்தியே சொல்லிடும். சரி, ரெண்டு பேரும் பழைய கதை பேசினது போதும். துல்லியோ, வந்த விஷயத்தைச் சொல்லு. நான் ஒருத்தி இங்கேதான் நிக்கறேன். என் எதிர்லயே சொல்லு.

— என்ன சொல்றது நெரீனா... இவானோ, நான் வந்தது என்னன்னா...

— நில்லு. நான் முதல்ல பேசிடறேன். நீ பேசினா நான் மசிஞ்சுடுவேன், எனக்கே தெரியும். எனக்குன்னு சில நிபந்தனை இருக்கு. எழுதிக்கோ.

— நீ போகப் போறதில்லேன்னு இப்பதானே சொன்னே?

— நிபந்தனை சொல்றதுன்னா போறதுன்னு அர்த்தமா, நெரீனா? சும்மா சொல்றேன். அவரும் தெரிஞ்சுக்கட்டும். எழுதிக்கோ துல்லியோ. முதல்ல, இந்த ஓட்டல் சிறை கூடவே கூடாது. தோத்தா மொத்தப் பசங்களையும் மலைமேல ஒரு ஓட்டல்ல கொண்டுபோய் வாரம் முழுக்கப் பூட்டி வைக்கிறது. பசங்க பொண்டாட்டி முகத்தைப் பார்க்காம, சீட்டாடி, சண்டை போட்டு, ஞாயித்துக்கிழமை பைத்தியம் மாதிரி வந்து நிக்கறானுங்க.

— தலைவர் அதுக்கு ஒத்துக்க மாட்டார், இவானோ. தோத்த குழுவை அடைச்சு வைக்கலேன்னா ஊர்க்காரன் கல்லெறிவான்ங்கிறது அவர் நினைப்பு. அவரைப் பத்தித் தெரியாதா உனக்கு?

— சரி, வெள்ளிக்கிழமைலேர்ந்து அடைச்சா போதும்னு கேட்டுப் பாரு.

— அவர் கேக்க மாட்டார்டா.

— சரி, வாரம் முழுக்கவே அடைச்சுக்கட்டும். ஃபோன் பேச மட்டும் விடணும். அடுத்தது, ஆட்டத்து நடுவுல அவர் உடை மாத்தற ரூமுக்குள்ள வரக்கூடாது. வாய் நிறைய சலாமிக் கறியை மென்னுக்கிட்டே வந்து பசங்களைத் திட்டறார். ஒருத்தன் மேலயாவது தெறிக்காம இருந்ததில்ல.

— அது அவர் கட்டின ரூமுடா. அங்கே இருக்கிற குழாயெல்லாம்கூட அவரோடதுதான். எப்படி வராம இருப்பார்?

— வரட்டும். வாயைத் திறக்கக் கூடாது.

— இவானோ...

— திறக்கட்டும், ஆனா என் ஆட்டக்காரனை மாத்தச் சொல்லக் கூடாது. முக்கியமா அவரோட அண்ணன் மகனை நான் இறக்க மாட்டேன். ஓடுடான்னா தலைமுடியை ஒதுக்கிட்டு நிக்கறான். அவனைப் பெஞ்சுல உக்கார வைப்பேன்.

— அது நடக்கவே நடக்காது. நான் சொல்லிப் பார்க்காமலா இருந்தேன்?

— கடைசில கொஞ்ச நேரம் இறக்கறேன்.

— இவானோ, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...

— சரிடா, பாதி ஆட்டம். முகத்தை அப்படி வச்சுக்காதே. முழு ஆட்டமும் ஆடட்டும்! அவன் பக்கம் ரெண்டு ஆளை ஓட விட்டுச் சமாளிச்சுக்கறேன்.

— ஐயோ, என் தலையெழுத்து! துல்லியோ இன்னும் ஒண்ணுமே கேக்கல இவானோ. நீயே ஏலம் போடற, நீயே விலையை இறக்கற. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா அந்த அண்ணன் மகனுக்குத் தலைமுடி வாரி விடவும் ஒத்துக்குவே.

— நீ சும்மா இரு நெரீனா. இதெல்லாம் கிளப்பு விவகாரம். கடைசியா ஒண்ணே ஒண்ணு, துல்லியோ. இதுல மட்டும் நான் இறங்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல பேத்திக்கு ஞானஸ்நானம். கோயில்ல தலைல தண்ணி ஊத்தற வரைக்கும் நான் இருக்கணும். ஊத்தின உடனே கிளம்பி மைதானத்துக்கு வந்துடறேன்.

— என்ன சொல்றது... அதை என்கிட்ட கேக்காதேடா.

— ஆட்டம் எங்கே, நம்ம ஊர்லயா வெளியூர்லயா?

— வெளியூர். மலை தாண்டிப் போகணும். சனிக்கிழமையே பஸ்ஸு கிளம்பிடும்.

— சனிக்கிழமையேவா.

— ஆமா.

— பஸ்ஸுல மிஸ்டர் இல்லேன்னா பசங்க என்ன நினைப்பானுங்க? அதுவும் திரும்பி வந்த முதல் வாரம். முதல் வாரம்தான் எல்லாமே. சரி... சரி, விடு. குழந்தைக்கு என்ன தெரியப் போகுது? தண்ணி ஊத்தினா அழும், அவ்வளவுதானே. ஃபோட்டோ எடுப்பாங்க, நான் அதைப் பார்த்துக்கறேன். நெரீனா, களியைக் கிண்டாம நிக்கறியே, அடி பிடிக்குது.

— பிடிக்கட்டும். அதையும் விட்டுட்டியா? இறங்க மாட்டேன்னு சொல்லி வாயை மூடலயே இவானோ. நான் பார்த்துட்டே நிக்கறேன், அதையும் தூக்கிக் குடுத்துட்டே.

— இதுதான் கடைசி. ஜூனோட முடிஞ்சுது. உங்கம்மா மேல ஆணை.

— எங்கம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு, அவங்களை ஏன் இழுக்கற? உனக்குத் தெரியுமா, துல்லியோ, என்கிட்ட ஒரு ஜோடி திரைச்சீலை இருக்கு. கல்யாணத்துக்கு நானே தைச்சது. இந்த மனுஷன் ஆடின ஊரு, மிஸ்டரா இருந்த ஊரு, எல்லா ஊருக்கும் தூக்கிட்டுப் போனேன். ஒரு வீட்டு ஜன்னலுக்கும் அளவு சரியா வரல. ஒண்ணுல தரையில புரளும், இன்னொண்ணுல முட்டிக்கு மேல நிக்கும். அக்டோபர்ல இவன் பெட்டியோட வந்து நின்னப்போ, உன்னை மனசுக்குள்ள திட்டினேன். அப்புறம் தனியா இருக்கும்போது உனக்கு நன்றியும் சொன்னேன். இனிமே இவன் எனக்குத்தான்னு நினைச்சேன்.

— நெரீனா, நான் ஒண்ணு சொல்லணும்...

— நான் முடிச்சுடறேன். இருக்கட்டும், போகட்டும். நான் தடுக்கல. ஏன் தெரியுமா? நேத்து ரேடியோவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எதிராளி மூணாவது கோல் போட்டான். இவன் முகத்தைப் பார்த்தேன். அக்டோபருக்கப்புறம் முதல் தடவையா சிரிச்சான். இவன் வளர்த்த பசங்க, பேரு பேரா இவனுக்குத் தெரிஞ்ச பசங்க, அவனுங்க தோத்ததுக்குச் சிரிச்சான். எனக்குப் பயமாப் போச்சு. இந்த மனுஷனை இப்படியே வீட்ல வச்சிருந்தா என்னவா ஆவான்னு பயமாப் போச்சு.

— நான் சிரிக்கல.

— சிரிச்சே. போ. நிஜமாத்தான் சொல்றேன், போ. மிரெல்லாகிட்ட நான் பேசிக்கறேன். அவளுக்கும் பழகிப் போச்சு. அடுப்பை அணைச்சுட்டுப் போய்ப் பையை எடுத்துட்டு வரேன். கனமான சட்டை ரெண்டு போதுமா?

— மூணு வை. மலைல குளிரும்.

— ஆமாமா, மூணு.

— போயிட்டாளா? கதவைச் சாத்திட்டாளா? துல்லியோ, கிட்ட வா. அவ இல்லாதப்போ உண்மையைச் சொல்லிடறேன். நிபந்தனை ஒண்ணும் இல்லடா. தலைவர் மடியில உக்காருன்னு சொன்னாலும் உக்காருவேன்.

— அப்படிச் சொல்லாதே, இவானோ. உனக்கு அலுக்கவே இல்லையாடா? எத்தனை ஊரு, எத்தனை தலைவரு. ஒரு இடத்துல டயரைக் கிழிச்சாங்க. இன்னொரு இடத்துல ஆட்டம் நடக்கும்போதே புது மிஸ்டர் வந்து உனக்குப் பின்னாடி வரிசையில உக்காந்திருந்தான்.

— அலுக்காம என்ன? எலும்பு வரைக்கும் அலுத்துப் போச்சு. பஸ்ஸு அலுத்துப் போச்சு, ஓட்டல் சூப்பு அலுத்துப் போச்சு. வெள்ளைப் பலகையில அம்புக்குறி போட்டு அம்புக்குறி போட்டுக் கை மரத்துப் போச்சு. ஆனா இங்கே மீன் மார்க்கெட்டுக்குப் போறேன். மிஸ்டர், இந்த விலாங்கைப் பாருங்கங்கறான். காப்பிக் கடைக்குப் போறேன். வாங்க மிஸ்டருங்கறான். சவரக்காரனும் மிஸ்டருங்கறான். எந்தக் குழுவுக்குடா நான் மிஸ்டர்? கேலி பண்ணல அவனுங்க, மரியாதையாத்தான் கூப்பிடறானுங்க. ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல இடிக்குது. வேற பேரு எனக்கு ஒண்ணும் மிச்சமில்லாம போச்சு.

— எனக்குத் தெரியாம போச்சேடா. அக்டோபருக்கப்புறம் நான் ஒரு ஃபோன்கூடப் பண்ணல.

— கோபமாத்தான் இருந்தேன். ஒளிக்க மாட்டேன். என் கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், ஒரு ஃபோன் பண்ணலியேன்னு தினமும் உன்னைத் திட்டினேன். இப்ப இல்ல. உன் தலையைக் கதவுல பார்த்த உடனே போயிடுச்சு. நீதான் போகணும்னு தலைவர்கிட்ட நீயே சொல்லியிருப்பே, இல்ல? அவன் என் ஆளு, நான் போய்க் கூட்டிட்டு வரேன்னு.

— இவானோ, நிறுத்துடா. தயவுபண்ணி நிறுத்து.

— வெக்கப்படாதே. ஏய், கண்ணுல என்னடா தண்ணி? புகையா?

— புகைதான்.

— இந்தா பை. சட்டை மூணு, துண்டு, முட்டிக்குத் தடவற தைலம். ஷூவை அடியில வச்சிருக்கேன், நசுங்காம பார்த்துக்கோ. துல்லியோ, நீ போற வழியில இவனுக்கு ஏதாவது வாங்கிக் குடு, பசியோட கிளம்பறான். இவானோ, கோட்டைச் சரியாப் போடு, காலர் மடிஞ்சிருக்கு. இங்கே காட்டு.

— ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃபோன் பண்றேன் நெரீனா. குழந்தை அழுதுச்சா இல்லையான்னு சொல்லணும் நீ.

— சொல்றேன். ஜெயிச்சுட்டு வா. தோக்கறதுக்கா இவ்வளவும் விட்டுக் குடுத்தோம்? போ.

— எந்திரிடா துல்லியோ. மூணு மணி ரயிலைப் பிடிச்சா சாயங்காலப் பயிற்சிக்கே போய் நின்னுடலாம். பசங்க முகத்தைப் பார்க்கணும் எனக்கு. எந்திரி. என்னடா, நாற்காலி உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா என்ன?

— இவானோ, பையைக் கீழே வைடா. என்னை யாரும் அனுப்பல. புது மிஸ்டர் இந்நேரம் மைதானத்துல நிப்பான், யாருன்னுகூட எனக்குச் சொல்லல. லான்ஃபிராங்கியை அனுப்பின கையோட அந்தக் குழாயைத் திருகிக்கிட்டே என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார். இதுவரைக்கும் நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன், என்னை யாரும் அனுப்பினதில்ல. வேலை போன மறுநாள் காலைல ஒரு மனுஷன் எழுந்து என்னடா பண்ணுவான்? அதை உன்கிட்ட கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.